மாலை போட்ட படத்தில் இருப்பது நான்

என் கூடவே பிறந்த தெய்வானை அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சிரிப்பாய். இரட்டைப் பிள்ளைகளில் நீ கொஞ்சம் முந்தி வந்துவிட்டாய் என்பதற்காக உன்னை அப்படிக் கூப்பிடச் சொல்லி அம்மா எவ்வளவோ திட்டினாள். அப்போதெல்லாம் வாய் வரவில்லை. காய்ச்சலில் நீ போன பிறகுதான் வருகிறது.

உன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். அம்மாதான் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே மொகந்தான? நீ போய் ஒக்காருடி." உன் மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு மூணாறு ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன். இப்போது சுவரில் பொட்டும் மாலையுமாகத் தொங்குவது நான். துக்கம் கேட்க வருகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டு, என் கையாலேயே காப்பி வாங்கிக் குடிக்கிறார்கள். இதை உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எஸ்டேட்டில் என்னை இப்போது நர்சரியில் போட்டிருக்கிறார்கள். நல்ல தேயிலைச் செடி ஒன்றை இலையோடு துண்டு துண்டாக வெட்டி, பையில் நட்டு வளர்க்கிறோம். அத்தனையும் தாய்ச்செடி மாதிரியே வருமாம். போன வாரம் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் சார் பேப்பரைப் படித்துச் சொன்னார். வெளிநாட்டில் தவளையை இப்படி நகல் எடுத்துவிட்டார்களாம், அடுத்து ஆடு மாடு, அப்புறம் மனுஷனாம். "நமக்கு எதுக்கு சார்? நம்மகிட்டதான் வள்ளி இருக்காளே" என்று கூட வேலை செய்கிற பாக்கியம் சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. உன்னைப் போல ஒருத்தி வந்தால் என்னோடு பேசுவாளே. அப்புறம் அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. செத்தவளுக்குப் பதிலாக ஒருத்தியை உண்டாக்கினால், அவள் தனக்காக எப்போது வாழ்வாள்? படித்தவர்கள் இதை யோசித்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் வந்தார். "வள்ளிக்கும் தெய்வானைக்கும் முருகன் ஒருத்தர்தான" என்று அப்பா ஏற்கெனவே பேச்சை எடுத்து வைத்திருந்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஒன்னக் கட்டிக்கிட்டா, அவ போகலன்னு மனச ஆத்திக்கிடுவேன் வள்ளி. பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நல்ல மனுஷன்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்: "அவ போகலன்னா, அப்ப செத்தது நானா அத்தான்?"

அவர் அழுதுகொண்டே எழுந்து போனார். அதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். வீடு நிறைய ஆள் இருந்தும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அக்கா.

நீ போனதிலிருந்து உன் மகள் இங்கே எங்களோடுதான் இருக்கிறாள். இன்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. தூக்கி வைத்துக்கொண்டு, "சித்தின்னு சொல்லு கண்ணு" என்றேன். சொல்லவில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அவளைக் குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவேன். உன் இடத்தில் மட்டும் உட்கார மாட்டேன். அம்மா என்றால் நீதான் என்று சொல்லியே வளர்ப்பேன். இது சத்தியம்.

அவளுக்குச் சித்தியும்
உனக்குத் தங்கையுமான
வள்ளி