வரைபடத்தில் இல்லாதவை

பதிவு 1. 2071 நவம்பர் 4, காலை 8:10
முகில்மட்டம் ஆய்வுக்குடில். நான் திலகரசி, பறவை ஆய்வாளர். இந்த மலையிலிருந்து மக்களை வெளியேற்றி மூன்று வருடம் ஆகிறது. கேமராக்களைப் பழுதுபார்க்கத் தனியாக வந்திருக்கிறேன். ஹெலிகாப்டர் டிசம்பர் 10-க்குத்தான் வரும்.

கேமரா அனுப்பும் படத்தைப் பார்த்துத் தலைமையக இயந்திரம் இனம் சொல்லும். கதிர்க்குருவிகளில்தான் தகராறு. எல்லாம் ஒரே பச்சை, ஒரே புருவக்கோடு. அதனால் நான் ஒரு விதி எழுதினேன்: வாழிட வரைபடத்தில் இல்லாத இனத்தை, படம் என்ன சொன்னாலும், ஏற்காதே.

பதிவு 2. நவம்பர் 5, மாலை 4:30
அடிவாரத்து வேன் டிரைவர் சவரிராயன் மூன்றாவது தடவையாகப் படம் அனுப்பியிருக்கிறார். "மேடம், அலகைப் பாருங்க, ஊசி மாதிரி இருக்கு. இது வேற குருவி. சத்தியமா நான் பார்த்தேன்."

ஊசியலகுக் கதிர்க்குருவியின் வாழிட வரைபடத்திலேயே இந்த மலை இல்லை. நான் எழுதிவைத்த வழக்கமான பதில் போனது: "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த இனம் இப்பகுதியில் இல்லை." மனிதர் விடமாட்டார் போலிருக்கிறது.

பதிவு 3. நவம்பர் 9, காலை 9:20
விடியலில் மண்சரிவு. பாதிக் குடில் போயிற்று, ரேடியோவும் அதோடு. வலது கால் உத்தரத்துக்கு அடியில். தண்ணீர் இரண்டு பாட்டில். கைக்கருவிக்குச் செய்தி வருகிறது, அனுப்ப முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏழாம் கேமரா மட்டும் வேலை செய்கிறது. இயந்திரம் 'மனிதன்' என்று ஒப்புக்கொண்டால் மீட்புக்குழுவுக்கு மணி அடிக்கும்.

கை அசைத்தேன். பதில்: "கருமந்தி. உறுதி 71 சதவீதம்."

நல்லவேளை, குரங்கோடு விட்டது.

பதிவு 4. நவம்பர் 10, பகல் 1:05
சட்டையில் சேற்றால் 'காப்பாற்று' என்று எழுதி விரித்துக் காட்டினேன். "பின்புலம் நீக்கப்பட்டது. கருமந்தி."

மக்கள் போனதும் மனித வாழிட வரைபடத்திலிருந்து இந்த மலையை அழித்தது யார்? நான்தான். கத்திப் பார்த்தேன். கேமராவுக்குக் காது கிடையாது. பயமாக இருக்கிறது.

பதிவு 5. நவம்பர் 12, காலை 7
கால் மரத்துவிட்டது. ஜன்னல் சட்டத்தில் ஒரு குருவி. ஒரு முழ தூரம்தான். அலகு ஊசிதான். சவரிராயன், நீங்கள் பார்த்தது நிஜம். மன்னித்துவிடுங்கள்.

பதிவு 6. அதே நாள்
கடைசித் தண்ணீரைக் குடிக்கவில்லை. முகம் கழுவினேன். பத்து விரலையும் விரித்து, நேராகப் பார்த்தேன். குருவியும் பறக்கவில்லை. படம் தெளிவாக விழுந்திருக்கும்.

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்:

"இரண்டு உயிர்கள். ஊசியலகுக் கதிர்க்குருவி, 97 சதவீதம். மனிதன், 99 சதவீதம். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இவ்விரு இனங்களும் இப்பகுதியில் இல்லை."