வேலியோரத்துப் பேஷன் ஃப்ரூட்

ஆகஸ்ட் 6, புதன்
அட்டுவம்பட்டியில் மூன்று நாளாக மழை. இடப்பக்க அடிவயிற்றில் வலி. வாயு என்று முடிவு செய்தேன். நான் பாடம் நடத்துவது தாவரவியல். வயிற்றுக்குத் தீர்ப்பு சொல்ல யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

ஆகஸ்ட் 8
காய்ச்சல். வாயுவுக்குக் காய்ச்சல் வருமா என்ன?

ஆகஸ்ட் 12
மதுரை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுக்கை. பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகளாம். அதில் ஒன்று அழற்சியாகிவிட்டதாம். ஆன்டிபயாட்டிக், கஞ்சித்தண்ணீர்.

டாக்டர் மேனகா சின்னப் பெண். "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க மேடம்?"

கல்லூரிக் கழிவறைப் பக்கம் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் வீடு திரும்பும்வரை ஒரே ஒரு மடக்குத் தண்ணீர்தான். காலையில் பன், மதியம் பிரெட் - வாசலில் கேரட்டும் பீன்ஸும் லாரி லாரியாகப் போகிற ஊரில்! மூட்டுவலிக்கு நானே வாங்கித் தின்ற மாத்திரைகள் வேறு.

"மலச்சிக்கல் உண்டா?"

"எப்பவாவது." பதினைந்து வருட எப்பவாவது.

ஆறு வாரம் கழித்துக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கட்டி ஏதும் இருக்கிறதா என்று. அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சத்தமாகத்தான் கேட்டது.

ஆகஸ்ட் 17
பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்கா வேலியோரம் பிடித்துக்கொண்டார். அவர் வைத்த பேஷன் ஃப்ரூட் கொடி என் பக்கம்தான் காய்க்கிறது. குடல் புண் என்று மழுப்பினேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர்! அந்த விதைதான் உள்ள சிக்கிக் கெடக்கு. மென்னு தின்னாம அப்படியே முழுங்குனீங்கள்ல?"

சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 24
நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். ஒரே நாளில் அரைக் கிலோ பீன்ஸ். வயிறு மத்தளம். படித்தவள்!

செப்டம்பர் 3
அக்கா கையில் அரிவாள். கொடியில் பாதி தரையில். "எங்கொடியால உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன் டீச்சர்?"

மலச்சிக்கல் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சீ.

செப்டம்பர் 26
கட்டி இல்லை. கட்டி இல்லை.

பைகள் போகாது, ஆப்பரேஷன் இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர், காய், நடை. மறுபடி காய்ச்சலோடு வலித்தால் உடனே வர வேண்டும்.

விதையைப் பற்றிக் கேட்டேன். "பாவம் மேடம் விதை, அது மேல ஏன் பழி?"

செப்டம்பர் 28, ஞாயிறு
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அக்கா வீட்டுக்குள் போனேன். பன், பிரெட், மலச்சிக்கல் - எல்லாவற்றையும் வாய்விட்டே சொன்னேன்.

"இதுக்கா எங்கொடிய வெட்ட விட்டீங்க? நல்ல டீச்சர்!"

மிச்சக் கொடியின் பழத்தை விதையோடு தின்றேன். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு கேட்டேன்:

"அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"