பூ கேட்ட வாரம்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து தூறல், பாலக்காட்டுக் காற்று. துணி காயவில்லை. சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

மதுக்கரை ஆட்டுக் கொட்டகையிலிருந்து செல்வி போன். எங்கள் ஆராய்ச்சி ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறவள். "மேடம், கறுப்புக்கால் ஆடு தீனி தொடமாட்டேங்குதுங்க. வயித்துல குட்டி அசையற மாதிரியே தெரியலீங்க." போய் ஸ்கேன் வைத்தேன். துடிப்பு இல்லை. நாங்களே முதுகில் திறப்பு போட்டு, போன வாரம் தாய் வயிற்றுக்குள் வைத்தே மூடித் தைத்த குட்டி.

எடுத்துப் பார்த்தோம். முதுகில் வைத்த ஒட்டு அப்படியே இருக்கிறது, ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஆனால் பனிக்குடம் காலி. கருவி நுழைந்த துளை வழியே நீரெல்லாம் கசிந்துபோயிருக்கிறது. என் வேலை சுத்தம், குட்டி போச்சு. செல்வி தாய் ஆட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இதற்கு முன் செய்த ஆடுகள் எல்லாம் நன்றாகத்தான் ஈன்றன. அதை நம்பித்தான் மனுசியில் முதல் முறை செய்ய அனுமதி வாங்கினோம். அந்த முதல் ஆள் நந்தினி. பொள்ளாச்சிப் பக்கம், கணவர் சதீஷ் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். நாளை வருகிறார்கள். என்ன முகத்தோடு பேசுவது?

ஜூலை 22, செவ்வாய்

நந்தினி, சதீஷ், மாமியார் பழனியம்மாள் மூவரும் வந்தார்கள். ஸ்கேன்: வயிற்றுக் குழந்தைக்குக் கீழ்ப்பக்கம் முதுகுத்தண்டு மூடவில்லை, நரம்பு வெளியே. இரண்டு பாதமும் அசைகின்றன. இடது கொஞ்சம் சோம்பல்.

போன தடவை சொன்னதையே திரும்பச் சொன்னேன். பனிக்குட நீர் பட்டுப் பட்டு அந்த நரம்பு நாளுக்கு நாள் கெடும். பிறந்த பிறகு மூடினால் அதுவரை கெட்டது கெட்டதுதான். இப்போதே உள்ளே போய் மூடினால் கால் பிழைக்க வாய்ப்பு அதிகம். உறுதி கிடையாது. குறைமாதத்திலேயே பிரசவம் ஆகிவிடலாம். குழந்தையே போகலாம். எங்கள் குழுவுக்கு இது முதல் முறை. அடுத்த வாரம் தாண்டினால் செய்வதற்கில்லை.

எல்லாம் சொன்னேன். ஆட்டை மட்டும் சொல்லவில்லை.

காலையிலேயே கோபால் சார் சொல்லிவிட்டார். குழுத் தலைவர். கர்ப்பப்பைக்குள் கருவியை இறக்குவது அவர், முதுகைத் தைப்பது நான். "சுதா, அனுமதி குடுத்த கமிட்டிக்கு எழுதியாச்சு. முறையையும் மாத்திச் செய்யப்போறோம். ஆட்டுக் கதையெல்லாம் அவங்ககிட்ட எதுக்கு? பயந்து ஓடிருவாங்க." தலையாட்டிவிட்டேன். ஓடிவிடுவார்கள் என்று எனக்கும் பயம். அந்தப் பயம் குழந்தையின் காலுக்காகவா, என் இத்தனை வருட வேலைக்காகவா? யோசிக்கவே பிடிக்கவில்லை.

பழனியம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, வெள்ளிக்கெழம நம்ம அம்மன் கோயில்ல பூ கேட்டுப்போட்டு வாரோம். வெள்ளை வந்தா சனிக்கெழம வந்து சேந்துக்கறோம்."

"செவப்பு வந்தா?"

"வராம ஊட்டோட இருந்துக்குவோமுங்க."

ஆடி மாதமாயிற்றே, பரவாயில்லையா என்றேன். "ஆடியில கல்யாணந்தானுங்க பண்ணமாட்டம். ஆஸ்பத்திரிக்கு ஆடி என்ன, மார்கழி என்ன." கிளம்பும்போது, "ஆணா பொண்ணான்னு நான் கேக்கமாட்டனுங்க. உங்களுக்கு எதுக்கு வம்பு" என்று சிரித்தார். நந்தினி மட்டும் சிரிக்கவில்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை அந்தப் பெண்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தர்ப்பணக் கூட்டத்தில் பேரூர் ரோடு நகரவே இல்லை. லேட்.

கமிட்டி பதில் வந்தது. மாற்றத்துடன் செய்யலாம். இனிமேல் துளை போடும் முன்பே பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பைச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். அப்போது கசிவு குறையும். குறையும் என்கிறோம்.

மதியம் பயிற்சி. ரப்பர் பந்துக்குள் கோழித்தோலை ஒட்டி, சின்னத் துளை வழியே தைப்பது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் தையல் பிசகித் தோல் கிழிந்தது. காபி அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். ஒன்றுதான் குடித்தேன்.

இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பிரபு, "ஏன் அம்மணி, ஒர்க்‌ஷாப் மோட்டாராட்டம் உர்ருனே இருக்கற?" பம்ப் ரிப்பேர் செய்கிற மனுசனுக்கு எல்லாமே மோட்டார்தான். பூ விஷயத்தைச் சொன்னேன். ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "செவப்பு வந்தா நிம்மதின்னு உள்ளுக்குள்ள இருக்குதா?" என்று கேட்டார். பேசாமல் சாப்பிடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். பாவம். ஆனால் சரியாகத்தான் கேட்டார்.

ஜூலை 25, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

எதிலும் மனசு ஓடவில்லை. இந்நேரம் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்திருப்பார். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. கேட்கிறவர் மனசுக்குள் நினைத்துக்கொள்ள, ஏதாவது ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். நான் படித்த படிப்பெல்லாம் ஒரு குழந்தையின் கையில். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பதினொரு மணிக்கு சதீஷ். "வெள்ளைங்க மேடம். எங்க அக்கா பொண்ணு எடுத்தா." சந்தோஷத்தில் கோபால் சார் அறைக்கு ஓடினேன். "அம்மனே கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன" என்றார்.

பிறகு ஏன் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது? நான் சொன்னதை வைத்து முடிவெடுத்தார்களா, பூவை வைத்தா? கால் கட்டாயம் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தால்?

ஜூலை 26, சனி

நந்தினி அட்மிட். பி.பி. சரி, ரத்தம் சரி.

பழனியம்மாள் கோயில் திருநீற்றை என் நெற்றியிலும் இட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆபரேசன் செய்யலாமான்னு கேட்டீங்க, வெள்ளை வந்துருச்சு, இல்லீங்களா?" என்றேன்.

"அதையக் கேக்கலீங்களே. செய்யறதும் செய்யாததும் வயித்துல சொமக்கறவ முடிவுங்க, அதைய அம்மன்கிட்ட கேக்கறதா? இந்த டாக்டரம்மா நம்மகிட்ட ஒண்ணும் மறைக்காமச் சொல்றாங்களான்னுதான் நெனச்சனுங்க. வெள்ளை வந்துருச்சு."

வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். கோபால் சாருக்குப் போன் போடவில்லை, போட்டால் வேண்டாம் என்பார். திரும்ப உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்டைச் சொன்னேன். ஒட்டு நின்றதை, நீர் வடிந்ததை, குட்டி செத்ததை.

சதீஷுக்கு முகம் மாறிவிட்டது. "இதைய ஏங்க மேடம் செவ்வாக்கெழமயே சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பழனியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அம்மன் பொய் சொல்லிருச்சுங்களா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

நந்தினிதான் பேசினாள். "பொய் இல்லீங்க அத்தை. இப்பச் சொல்லிப்போட்டாங்கல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆட்டுக்கு அப்பறம் என்னத்தைங்க மாத்துனீங்க?"

படம் வரைந்து காட்டினேன்.

"இப்படி மாத்தி எந்த ஆட்டுக்காச்சும் செஞ்சு பாத்தீங்களா?"

"இல்லீங்க. வேற ஊர்ல டாக்டருங்க செஞ்சிருக்காங்க. நாங்க செய்யல."

"செரிங்க. நாளைக்குச் சொல்றேன்."

ஜூலை 27, ஞாயிறு

ஆட்டைச் சொல்லிவிட்டேன் என்றதும் கோபால் சார் போனில் கத்தினார். உனக்கு எதுக்கு இந்த வேலை, யார் கேட்டா. கேட்டார்கள் சார், வேறு இடத்தில் கேட்டார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் தெம்பில்லை.

தோசை மாவு பொங்கி வழிந்து ஃப்ரிட்ஜெல்லாம் அபிஷேகம்.

பதினொரு மணிக்கு வார்டு. சதீஷ் இன்னும் முறைப்பாகத்தான். மறுபடி ஒருக்கா பூ கேட்கலாம் என்றாராம். "கேட்டதையே மறுக்கா கேக்கக் கூடாது. அது அம்மனைச் சந்தேகப்படற மாதிரி" என்று பழனியம்மாள் முடித்துவிட்டாராம். நந்தினி சுருக்கமாக, "செஞ்சரலாங்க. ஒரு ஆளு பயந்துட்டு உண்மையச் சொன்னா நம்பலாமுங்க" என்றாள்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பயம் குறையவில்லை, கூடித்தான் போச்சு.

ஜூலை 28, திங்கள்

முடிந்தது. கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணல்.

சவ்வை முதலில் தைத்தார் கோபால் சார். துளை போட்டார். பிறகு நான். திரையில் அந்த முதுகு, என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத திறப்பு. பாதித் தையலில் குழந்தையின் இதயம் மெதுவாகியது. எல்லோரும் கையை எடுத்தோம். "வெளியே வந்துரலாமா சுதா?" என்றார் கோபால் சார். பாதியில் விட்டால் நரம்பு திறந்தே கிடக்கும். தொடர்ந்து, அந்த ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டால்? கொஞ்சம் பொறுப்போம் சார் என்றது என் குரல்தான். துடிப்பு ஏறியது. மிச்சத்தையும் தைத்தேன்.

வராந்தாவில் சொன்னேன்: மூடிவிட்டோம், நடுவில் துடிப்பு இறங்கி ஏறியது, நீர் கசிகிறதா என்று சில நாள் பார்த்தால்தான் தெரியும். சதீஷ் கையெடுத்துக் கும்பிட்டார். பழனியம்மாள், "சாப்பிட்டீங்களா கண்ணு?" என்றார். இல்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஜூலை 29, செவ்வாய்

மேகமூட்டம். சிலிண்டர் வரவில்லை.

ஸ்கேன். நீர் அளவு இறங்கவில்லை. துடிப்பு நன்று. வலது பாதம் ஒரு உதை, இன்னொரு உதை. இடதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருவியைத் திருப்பி வைத்தேன், வயிற்றை லேசாகத் தட்டினேன். அசையவில்லை.

நந்தினி திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு காலும் ஆடுதுங்களா?"

குழந்தை தூங்குகிறது என்று சொல்லிவிடலாம். யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வலது ஆடுது. இடது இன்னைக்கு ஆடலீங்க. மயக்க மருந்தோட மந்தமா இருக்கலாம். நரம்பு அடிபட்டும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

கண்ணில் நீர் கோத்தது அவளுக்கு. துடைத்துக்கொள்ளவில்லை. வயிற்றின் மேல் இருந்த ஜெல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செரிங்க" என்றாள். "நாளைக்கும் இதே மாதிரியே சொல்லுங்க."