பதினேழு பேர் தேடினோம்

கியேசா,
19 ஜனவரி 1975

அன்புத் தங்கை எர்சீலியாவுக்கு,

நீயும் லொரெட்டாவும் லெக்கோ போய்ச் சேர்ந்ததாகச் சித்தி எழுதிய கார்டு நேற்றுதான் வந்தது. நல்லது. இங்கே ஜன்னலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு அங்கே இருப்பது எவ்வளவோ மேல்.

உன் புருஷன் போய் இன்றோடு பத்து நாள். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், நானே எழுதுகிறேன். முரெட்டோ கணவாய்க்குக் கீழே சரிந்து கிடக்கும் பனி ஒரு கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது. பதினேழு பேர் தோளோடு தோள் நின்று நீளக் கம்பிகளைக் குத்திக்குத்திப் பார்க்கிறோம். இதுவரை ரினால்டோவின் ஊன்றுகோல் ஒன்றும் இடது கைக் கையுறையும்தான் கிடைத்தன.

அன்று நானும் கூடப் போயிருக்க வேண்டும். குவாரியில் விடுப்புத் தரவில்லை. "நீ வராட்டி என்ன மச்சான், நான் தனியா ஏறிப் பழகிக்கிறேன். பதினோரு வருஷம் நீ என்னை இழுத்த, இந்த மார்ச்சுல நான் உன்னை இழுக்கிறேன் பாரு"ன்னு சொல்லிட்டுப் போனான். போன வருஷம் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு போகும் பனிச்சறுக்கு ஜோடிப் பந்தயத்தில் ஒரு சறுக்குப் பலகை நீளத்தில் தோற்றோமே, அது அவன் மனதில் இருந்தது.

கண்டுபிடிப்பேன். உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பேன். இது என் பொறுப்பு.

உன் அண்ணன்,
எஜிதியோ


லெக்கோ,
27 ஜனவரி

என் அண்ணனுக்கு,

நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. உன் கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன், கையுறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தக் கையுறையை நான்தான் பின்னினேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க நீராவி. வெளியே வந்தால் ஏரிக்காற்று முகத்தில் அறைகிறது. லொரெட்டா பள்ளிக்கூடத்தில் மலை வரையச் சொன்னதற்கு வெற்றுத் தாளைக் கொடுத்திருக்கிறாள். "எல்லாம் வெள்ளைதானே டீச்சர்" என்றாளாம். ஏழு வயசுக்கு அவள் இப்படிப் பேச வேண்டுமா?

உனக்கும் மற்றவர்களுக்கும் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ரொட்டிக் கடை அபேலேவின் கால் பெரியது, அவருக்குத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

கிடைக்கும்வரை விட்டுவிடாதே அண்ணா. எனக்கு ஒரு கல்லறையாவது வேண்டும்.

எர்சீலியா


கியேசா,
5 பிப்ரவரி

அன்பு எர்சீலியா,

காலுறைகள் வந்தன. அபேலேவுக்கு அளவாக இருக்கிறது. "உன் தங்கச்சிதான் என் காலை அளந்து வச்சிருக்கா, என் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாது" என்று நோர்மாவுக்கு முன்னாலேயே சொல்கிறார். அவளும் சும்மா இருக்கவில்லை. "காலை யாரு பாத்தா, அந்தத் தொப்பைதான் எல்லாத்தையும் மறைக்குதே" என்றாள்.

அந்த மனுஷன் ஒரு ஞாயிறு தவறவிடவில்லை. அடுப்பு வேலையை முடித்துவிட்டு, கைநிறைய மாவோடு வந்து வரிசையில் நிற்கிறார். மூன்று பிள்ளைக்காரர், நீ வர வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பனியைக் காலால் எத்திவிட்டு, "இவ்வளவு மாவு கிடக்கு, ஒரு ரொட்டிகூடச் சுட முடியல"ன்னார். ஒரு மாதத்தில் அன்றுதான் எல்லோரும் சிரித்தோம்.

பந்தயம் நடத்துகிறவர்கள் வந்து வேறு ஜோடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் வேறு ஆளைக் கட்டுவதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

புதுப்பனி ஒரு மீட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. தேடுவதை நிறுத்தவில்லை.

உன் அண்ணன்,
எஜிதியோ


லெக்கோ,
11 பிப்ரவரி

அண்ணா,

போதும். தேடுவதை நிறுத்திவிடு.

யோசித்துத்தான் எழுதுகிறேன். புதுப்பனியில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊரில் பிறந்தவள். எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. கிடைத்தால் கோடையில் தானாகக் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டாலும் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். போன கடிதத்தில் கல்லறை கேட்டேன். அதை மறந்துவிடு.

லொரெட்டாவுக்குக் காய்ச்சல். வேறு எழுத ஒன்றும் இல்லை. இந்த ஒன்றையாவது கேள் அண்ணா.

எர்சீலியா


கியேசா,
19 பிப்ரவரி

எர்சீலியா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. துக்கத்தில் எழுதியிருக்கிறாய் என்று மடித்துப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போனோம்.

அபேலே இறந்துவிட்டார்.

நான்தான் அவரை முதலில் சரிவுக்குக் குறுக்கே அனுப்பினேன். கனமான ஆள், அவர் போன இடத்தில் மற்றவர்கள் தைரியமாகப் போகலாம் என்று எப்போதும் சொல்வோம். பாதி தூரத்தில் நின்று திரும்பி, "எஜிதியோ, இங்க என்னமோ உள்ள பொத்துனு இறங்குதப்பா" என்றார். அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. நான் "அசையாதீங்க" என்று சொல்லி முடிக்கவில்லை. சறுக்குப் பலகைகள் இரண்டையும் கழற்ற அவர் குனிவதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

இருபது நிமிஷத்தில் வெளியே எடுத்தோம். ஒரு மாதமாகப் பழகிய கைகள், வேகமாகத்தான் தோண்டினோம். உடம்பு சூடாக இருந்தது. வாய் நிறையப் பனி.

அடக்கம் நேற்று நடந்தது. உன் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். நோர்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். திட்டியிருந்தால் தேவலை.

உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

எஜிதியோ


லெக்கோ,
25 பிப்ரவரி

அண்ணா,

அடக்கத்துக்கு வர முடியவில்லை. வந்திருந்தாலும் நோர்மாவின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது. உன்மேல் தப்பில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுகிறேன், உன்மேல் தப்பில்லை.

எர்சீலியா


கியேசா,
21 ஏப்ரல்

எர்சீலியா,

இரண்டு மாதமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவதை உட்கார்ந்து படி. லொரெட்டா பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பு.

பந்தயம் மார்ச்சில் நடந்து முடிந்தது. நான் வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். போன வாரம் சரிவில் பனி பாதியாகக் கரைந்துவிட்டது. தனியாகப் போய் ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. அடிபட்டு, திசை தெரியாமல் கணவாயின் மறுபக்கம் இறங்கி அங்கே விழுந்திருப்பானோ என்று ஒரு எண்ணம். சனிக்கிழமை விடியும்போது ஏற்றத்தில் வழுக்காமலிருக்கச் சறுக்குப் பலகைக்கு அடியில் தோலைக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஒன்பது மணிக்குக் கணவாய். தோலை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு சுவிஸ் பக்கம் சறுக்கி இறங்கினேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. அடிவாரத்து மலோயா ஊரில் என் பலகையின் காலணிப் பிடி ஒன்று கழன்றுவிட்டது, அதைச் சரி செய்ய ஒரு கடைக்குள் போனேன்.

சுவரில் ரினால்டோவின் சறுக்குப் பலகைகள் மாட்டியிருந்தன. முனையில் தகரம் வைத்து ஆறு திருகாணி அடித்தவன் நான். என் வேலை எனக்குத் தெரியாதா?

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஜனவரியில ஒரு இத்தாலிக்காரர் வித்துட்டுப் போனார். ஒரு கையில உறை இல்ல, விரலெல்லாம் நீலமா இருந்துச்சு. சூப் குடுத்தோம். கீழே மர ஆலையில ஆள் எடுக்கிறாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

தெரியாது என்றேன். பஸ் ஏறிக் கீழே போனேன்.

உயிரோடு இருக்கிறான். ஆலையில் அறுத்த மரப்பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "வா மச்சான்" என்றான். குவாரியில் வேலை முடிந்து வந்தவனை அழைக்கிற மாதிரி.

"சரிவு உன்னை அடிக்கலையாடா?"

"அடிச்சது. இடுப்புவரைக்கும் புதைஞ்சேன். வெளிய வர ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம் கணவாய் வரைக்கும் ஏறி நின்னேன். இந்தப் பக்கமும் இறக்கம், அந்தப் பக்கமும் இறக்கம்."

"வீடு இந்தப் பக்கம் இருந்துச்சே."

"தெரியும். குவாரி, பந்தயம், மறுபடி குவாரி. பதினோரு வருஷம் உன் கயிறு என்னை இழுத்துச்சு. அன்னைக்குத்தான் இடுப்புல ஒண்ணும் இல்ல. செத்துட்டான்னு நினைச்சுக்குவாங்கன்னு தோணுச்சு. தோணினதும் உடம்பு லேசாயிடுச்சு மச்சான். அதுக்கு மேல என்னால சொல்லத் தெரியல."

உன்னைப் பற்றி, குழந்தையைப் பற்றி அவன் கேட்கவில்லை. நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு அபேலேவைப் பற்றிச் சொன்னேன். கையில் இருந்த பலகையைக் கீழே வைத்தான். "என்னைத் தேடியா? எத்தனை பேர் தேடினீங்க?"

"பதினேழு பேர்."

மரக்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். "பிப்ரவரியிலயுமா தேடினீங்க?" என்று கேட்டான். ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்குப் புரியவில்லை. அடிக்கத்தான் போனேன். அடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நோர்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன்.

உன் அண்ணன்,
எஜிதியோ


லெக்கோ,
24 ஏப்ரல்

அண்ணா,

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று நான் சொல்கிறேன்.

பிப்ரவரி ஏழாம் தேதி எனக்கு ஒரு கார்டு வந்தது, சித்தி வீட்டுக்குத்தான் வந்திருப்பேன் என்று ஊகித்திருக்கிறான். பெயர் இல்லை, ஊர் இல்லை. "உயிரோடு இருக்கிறேன். வரமாட்டேன். தேட வேண்டாமென்று சொல்." அவன் எழுத்து எனக்குத் தெரியும். சலவைக்கூடத்துக் கொதிகலன் அடுப்பில் போட்டுவிட்டேன்.

உனக்கு அன்றே எழுத உட்கார்ந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதிக் கிழித்தேன். நாலு நாள் இப்படியே போனது. கடைசியில் தபாலில் போட்டதை நீ படித்தாய். நிறுத்து என்று எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை.

பனிக்கு அடியில் கிடக்கிறவனுடைய பெண்டாட்டி என்றால் ஊரே எழுந்து நின்று இடம் கொடுக்கிறது. சித்தி என் தட்டில் பெரிய துண்டை வைக்கிறாள். லொரெட்டாவைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சீண்டுவதில்லை. என்னோடு ஒன்பது வருஷம் இருந்தவனுக்கு, மலையுச்சியில் நின்று பார்த்தபோது அந்தப் பக்கம் போவது லேசாக இருந்தது என்று நான் யாரிடம் சொல்வேன்? நான் கெஞ்சினால் நீ கேட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ எப்போதும் கேட்பாய்.

இரண்டு வார்த்தை கூடுதலாக எழுதியிருந்தால் அபேலே இன்று அடுப்புக்கு முன் நிற்பார். அது எனக்குத் தெரியும். கோயிலில் பாவமன்னிப்புக் கேட்டுச் சாமியாரிடம் சொல்லப் போய், முழங்கால் போட்டு, வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

நோர்மாவிடம் சொல்வதென்றால் என்னையும் சேர்த்துச் சொல். வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன் அண்ணா. லொரெட்டாவுக்காகக் கேட்கிறேன்.

எர்சீலியா


கியேசா,
11 மே 1975

எர்சீலியா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

மீட்புக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டார்கள், முட்டி வலி என்றேன். என் சறுக்குப் பலகைகளை வெட்டி அடுப்பில் வைத்தேன். லொரெட்டாவின் உடுப்புகளும் உன் தையல் இயந்திரமும் அடுத்த வாரம் லாரியில் வரும். வீட்டுச் சாவியைச் சித்தியின் பேருக்கு அனுப்பிவிடுகிறேன். கோடையில் இங்கே வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம், வந்தாலும் பிரிக்கமாட்டேன். லொரெட்டா பெரியவளாகி அவளாக எழுதினால் அவளுக்குப் பதில் எழுதுவேன்.

உன்னை வெறுக்கிறேனா என்று பல நாள் யோசித்தேன். அதுகூட இல்லை. நீ என் பையில் மடித்துக் கிடந்த கடிதத்தை எழுதியவள், நான் அவரை முன்னால் அனுப்பியவன். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது நல்லது.

சொன்னபடி பூசை முடிந்து நோர்மாவிடம் போனேன். கடையில் அவள் தனியாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று நின்றேன். அவளே பேசினாள்.

"எர்சீலியா எப்படி இருக்கா? நான் அவளைத்தான் நினைச்சுக்கிறேன். எனக்காவது போய் உட்கார்ந்து பேச ஒரு கல்லறை இருக்கு. பாவம், அவளுக்கு அதுகூட இல்லையே."

"ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எஜிதியோ