வியாழன்வரை பொறுத்திருக்கலாம்

செவ்வாய்க்கிழமை.

அப்பாவின் மீன்வலையை ஊர் மீன் முதலாளியின் ஆட்கள் வெட்டியதற்கு இன்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை என்று சுவரில் பலகை தொங்கியது. அதன் கீழே இருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார்.

"தமிழில எழுதச் சொல்லுவமே?" அப்பா கேட்டார்.

"தமிழ் எழுதுறவர் வியாழன்தான் வருவாராம். பேசாமல் கையெழுத்தை வையுங்கோ, பஸ் போயிடும்," என்றேன்.

வாசிக்கத் தெரியாத தாளில் அப்பா கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் சிங்களம் தெரிந்த கடைக்கார நிமல் அண்ணை முறைப்பாட்டின் பிரதியை வாசித்தார். "வலை காணாமல் போனது எண்டுதான் கிடக்கு, தம்பி. வெட்டினது எண்டு ஒரு சொல்லும் இல்லை. இதை வைச்சு ஆரையும் பிடிக்க ஏலாது."

அப்பா என்னை ஏசவில்லை.

"பஸ்ஸைப் பிடிச்சிட்டம்தானே," என்றார்.