சால்டர் வளையமும் திசைகாட்டி முள்ளும்

7 ஜூலை 1986, திங்கள்
விடாத மழை. சயான் ஸ்டேஷனில் தண்டவாளம் முழுக்கத் தண்ணீர். லேப் போய்ச் சேர மதியம். புடவைக் கரையெல்லாம் சேறு.

ரேடியோ ரிப்பேர் கடையில் விற்கிற அதே சால்டர் கம்பிதான். ஐந்து சுற்று சுற்றி முனைகளை, லேபில் என்னோடு வேலை பார்க்கிற செல்வம் பற்றவைத்தான். பக்கத்தில் காந்தம் வைத்து, திரவ ஹீலியத்தில் இறக்கினோம். அந்தக் குளிரில் சால்டரில் உள்ள ஈயமும் வெள்ளீயமும் மின்தடையை அறவே விட்டுவிடும். பிறகு அவன் காந்தத்தை எடுத்ததும் வளையத்தில் மின்சாரம் கிளம்பிற்று. பாட்டரி ஒன்றும் கிடையாது. வெளியே திசைகாட்டி முள் மட்டும் வடக்கை விட்டுச் சற்று விலகியே நின்றது. உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது!

"ஹீலியம் இருக்கிற மட்டும் நிக்காது. பாத்துக்கிடுங்க" என்றான். நாளை ஜெர்மனி போகிறான், இரண்டு வருஷம். வேறு ஏதோ சொல்ல வந்தான். சொல்லவில்லை. நானும்தான். அசடு.

8, செவ்வாய்
பெருங்காயம், ஊதுவத்தி, குடைக் கம்பி. மூன்றும் வாங்க மறந்தேன்.

அம்மா: "செம்பூர்ப் பையனாத்துல பதில் கேக்கறா. என்னடி சொல்றது?"
"வெள்ளிக்கிழமை சொல்றேம்மா."

எனக்குள் ஒரு கணக்கு. முள் வடக்கே திரும்பிவிட்டால் சரி என்று சொல்லிவிடுவது. பைத்தியம்தான்.

ஹீலியம் நிரப்பினேன். முள் அப்படியே.

9, புதன்
வேலை ஓடவில்லை. கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் இந்நேரம் எங்கோ தூங்குவான். அவன் ஓடவிட்டது இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. டீ ஆறி ஆடை கட்டியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

10, வியாழன்
ஹீலியம் பிளாண்ட் பழுது, இனிப் புதிதாக வராது. பிரிவுத் தலைவர் வந்து பார்த்தார். "அரே பாபா, ஒரு சால்டர் வளையத்துக்கா இத்தனை ஹீலியம்? போதும்." இருந்த மிச்சத்தை ஊற்றினேன். பாத்ரூமில் போய் அழுதேன்.

11, வெள்ளி
மழை விட்டது. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் முல்லை, வாங்கவில்லை.

சாயங்காலம் திரவம் வளையத்துக்குக் கீழே இறங்கிற்று. முள் ஒரு தரம் ஆடி, நேரே வடக்கு. இனி அது வெறும் சால்டர்.

வீட்டில் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை ஆச்சேடி. சரின்னு சொல்லிடட்டுமா?"

கணக்குப்படி தலையாட்ட வேண்டும்.

"வேண்டாம்மா."

"அவனுக்கென்னடி குறை?"

"அவருக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குச் செல்வத்தைப் பிடிச்சிருக்கு."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவனிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா அரிவாள்மணையை மடக்கினாள்.

"யாருடி அது?"