ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும்

நாள் 212. காலை 08.10

வடபனித் தளம், செவ்வாய். எழுதுவது எஸ்தர் பொன்மணி, நிலவியலாளர், தளப் பொறுப்பு (தற்காலிகம்). அந்தத் 'தற்காலிகம்' ஒட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை யார் எடுத்துப் படிக்கப்போகிறீர்களோ தெரியாது. எப்படியும் தலைமையகத்தைவிட நிதானமாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

காற்று சரி. மின்சாரம் சரி. வெளியே மைனஸ் 61. இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும் இயந்திரப் பொறியாளர் தணிகைவேலும். நிலத்தடிப் பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பது அவர் வேலை. எடுத்த இடம் வெற்றாகிறதே, அந்த வெற்றிடம் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

இன்று இறங்குதளத்தைத் தட்டிப் பார்த்தேன். தரையில் சம்மட்டியால் ஓர் அடி. திரும்பி வரும் அதிர்வைக் கருவி கேட்டுச் சொல்லும். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற வேலைதான். ஆனால் சந்தையில் அறுத்துக் காட்டச் சொல்லலாம். இங்கே அறுக்க வேண்டிய ட்ரில் மெஷின் உடைந்து கிடக்கிறது. முடிவு: கிழக்கு, வடக்கு, தெற்கு ஓரங்கள் உறுதி. மேற்கு ஓரமும் நடுவும் மந்தமான சத்தம். அடியில் குழி இருக்கலாம். வெறும் பொலபொலத்த மண்ணாகவும் இருக்கலாம்.

இறங்குதளத்துக்கான மாதாந்திரப் படிவத்தில் இரண்டே கட்டம். 'ஆட்சேபணை உண்டு', 'ஆட்சேபணை இல்லை'. உண்டு என்றால் ஆதாரம் இணைக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஆதாரம் இல்லை, சந்தேகம். இல்லை என்று போடவோ மனசு வரவில்லை. இது கப்பல் வருகிற மாதமும் இல்லை. இரண்டு கட்டத்தையும் தொடாமல் விட்டுவிட்டு டீ போடப் போனேன்.

நாள் 214. மதியம் 13.40

தணிகைவேலுக்கு நேற்றிலிருந்து வயிற்று வலி. வாயு, வாயு என்று சமாளித்துக்கொண்டிருந்தவர் இன்று காலை எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேன் செய்து பார்த்தேன். குடல்வால் வீங்கியிருக்கிறது. அறுக்க இங்கே ஆள் இல்லை. மேலே சுற்றுப்பாதை நிலையத்தில் டாக்டர் இருக்கிறார். அங்கிருந்து இறங்கிவரும் சின்ன விண்படகை அனுப்பச் சொல்லித் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பூமிக்குப் போகப் பன்னிரண்டு நிமிடம், வரப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் தலைமையகம் யோசிக்கிற நேரத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை.

பதிலுக்கு முன்னால் வேறொன்று வந்து சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயப் பயிற்சி: 'பணியிடத்தில் நிச்சயமின்மையைப் புரிந்துகொள்ளுதலும் சமாளித்தலும்'. நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா சிரித்த முகத்தோடு மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்கிறார், காற்றை அளந்து சுவாசிக்கிறவளிடம். உங்கள் கையில் இருப்பவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள், இல்லாதவற்றை மறுபக்கம் எழுதுங்கள் என்கிறார். கையில் இருப்பவை: டீ, சம்மட்டி. மறுபக்கம் எழுத ஆரம்பித்து, அடுத்த அறையில் தணிகைவேல் கூப்பிட்டதால் எழுந்து போய்விட்டேன்.

நாள் 215. காலை 09.25

"தலைமையகத்திலிருந்து: படகு அனுப்பப்படுகிறது. ஓட்டுநர் ஹக்கீம். நாளை மதியம் இறங்கும். மாதாந்திரப் படிவத்துக்குக் குறித்த காலத்துக்குள் பதில் பெறப்படாததால் இறங்குதளம் குறித்துத் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை எனக் கருதப்பட்டது."

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்; நம் ஆபீஸ் காகிதம் எல்லாவற்றிலும் இருப்பதுதான். பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும். சர்வீஸ் முழுக்க அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். அடியில் இப்படி ஒரு குழி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உடனே அனுப்பினேன்.

"நடுவும் மேற்கு ஓரமும் சந்தேகம். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையே என் பதிலாக எடுத்துக்கொள்ளவும்."

"தலைமையகத்திலிருந்து: ஐந்தில் மூன்று உறுதி என்பது பெரும்பான்மை. தாங்கள் ஆட்சேபிக்கிறீர்களா, இல்லையா? ஆட்சேபித்தால் படகு திரும்ப அழைக்கப்படும். ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்."

நிலத்துக்கும் தேர்தல் நடத்தி முடித்துவிட்டார்கள். ஆட்சேபித்தால் தணிகைவேல் பிழைக்க மாட்டார். ஆட்சேபிக்காவிட்டால் ஹக்கீம் சாகலாம், இரண்டு பேருமே சாகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். தணிகைவேல் முனகுவது சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பதிலை எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். நேரம் முடிந்துபோயிற்று. எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மறுபடியும் கருதிக்கொண்டார்கள்.

நாள் 216. மதியம் 12.50

படகு தலைக்கு மேல் வந்ததும் ஹக்கீம் நேரடியாகக் கூப்பிட்டான். அவனுக்குக் காயல்பட்டினம், எனக்குத் தூத்துக்குடி. பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, ஹக்கீம் பேசுறேன். பேப்பர்ல தரை நல்லாருக்குன்னு போட்டிருக்கு. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"தெரியலப்பா."

"சரி. எது தெரியல?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"நடுவும் மேற்கும் தெரியல. சத்தம் சரியில்ல. கிழக்கு ஓரத்தை இன்னைக்குக் காலைல மறுபடி தட்டிப் பாத்துட்டேன். அது நல்லாருக்கு."

"அப்ப நடு வேண்டாம். கிழக்கு ஓரத்தை ஒட்டி இறக்குறேன். கால் அமுங்குற மாதிரி தெரிஞ்சா கத்துங்க, உடனே தூக்கிருவேன். கத்துவீங்கல்ல?"

"கத்துறேன்."

கத்த வேண்டி வரவில்லை. புழுதி அடங்கியதும் படகு நான்கு கால்களிலும் ஒழுங்காக நின்றது. தணிகைவேலை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றினோம். படகில் ஓட்டுநருக்கும் ஒரு நோயாளிக்கும்தான் இடம். தண்ணீர் இயந்திரத்தை அணைத்து வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார், அந்த வலியிலும். தலையாட்டினேன். படகு கிளம்பி ஒரு புள்ளியாகி மறைந்தது. உள்ளே வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் தனியாக இருக்கிறேன் என்பது உறைத்தது.

நாள் 219. காலை 10.05

தணிகைவேல் பிழைத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்து கஞ்சி குடிக்கிறாராம். பத்திரப்படுத்தி வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்துத் தின்றேன். வாய் இன்னும் இனிப்பாக இருக்கும்போதே அடுத்த செய்தி.

"தலைமையகத்திலிருந்து: படகு பாதுகாப்பாக இறங்கியதன் மூலம் இறங்குதளத்தின் உறுதி நிரூபணமானது. தங்கள் சந்தேகம் தீர்ந்ததாகக் கோப்பு முடித்து வைக்கப்பட்டது. பாராட்டுகள்."

"படகு இறங்கியது கிழக்கு ஓரத்தில். நடுவைத் தொடவே இல்லை."

"தலைமையகத்திலிருந்து: இறங்குதளம் என்பது விதிப்படி ஓரங்களும் நடுவும் சேர்ந்ததே."

சிரித்துவிட்டேன். அருகில் ஆள் இல்லாமல் சிரிப்பது அவ்வளவு நன்றாக இல்லை.

நாள் 226. காலை 07.30

"தலைமையகத்திலிருந்து: தெற்குத் தளத்தில் புழுதிப்புயல். அங்கே இறங்க வேண்டிய குடியேற்றக் கப்பல் தங்கள் தளத்துக்குத் திருப்பப்படுகிறது. பயணிகள் முப்பத்தாறு பேர். அனைவரும் உறக்கத்தில். கப்பல் நாளை மறுநாள் தானாகவே இறங்கும். தளம் நிரூபணமானது என்பதால் தங்கள் பதில் தேவையில்லை."

படகு ஒரு வேன் என்றால் இது ஒரு ரயில். கால்களை விரித்தால் தளம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும், பாரம் பூராவும் நடுவில் இறங்கும். ஓரமாக இறக்குகிற பேச்சுக்கே இடமில்லை. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

சர்வீஸில் முதல் தடவையாக 'ஆட்சேபணை உண்டு' என்ற கட்டத்தை அழுத்தினேன். அழுந்தவில்லை. கட்டம் சாம்பல் நிறமாகி இருந்தது. கோப்பு முடிந்துவிட்டதாம்.

நாள் 227. மதியம் 15.20

"அக்கா, நான் ஓரத்துலதான் இறக்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன். தணிகைவேல் சாரும் படுத்துக்கிட்டே எழுதினாரு. 'பெறப்பட்டது'ன்னு ஒரு வரி வந்துருக்கு, அவ்வளவுதான். கப்பலுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்னா எங்களுக்கு அனுமதி இல்லையாம். படகை எடுக்கவும் விட மாட்டேங்கிறாங்க. ஒண்ணும் பண்ண முடியலக்கா."

அவன் அழுதுவிடுவான் போல் இருந்தது. போய் வேலையைப் பார் என்று சொன்னேன்.

நடுவைத் தட்டிப் பார்த்தேன். காலையில் மந்தம். மதியம் பாறை மாதிரி உறுதி. அதே இடம், அதே சம்மட்டி, அதே கை. வெயில் பட்டு மேல்மண் மாறியிருக்கலாம். கருவி கெட்டிருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே குழி என்று ஒன்று இல்லாமலும் இருக்கலாம். குழி இருப்பது நிச்சயம் என்றாலாவது ஊரைக் கூட்டிச் சத்தம் போடலாம். எனக்கு அதற்கும் வக்கில்லை.

நீலச் சேலை அம்மா இரண்டாம் பாடம் அனுப்பியிருக்கிறார். விளைவை விட்டுவிட்டு முயற்சியில் கவனம் வைக்க வேண்டுமாம். அணைத்துவிட்டேன்.

நாள் 228. காலை 11.15

கப்பல் தன் கேமராவை நம்பி இறங்குகிறது. தளத்தில் ஏதாவது பொருள் கிடந்தால் இறங்காது. என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது.

வண்டியை நடுவில் நிறுத்தினால் கப்பல் வேறு இடம் தேடும். எட்டுகிற தூரத்தில் இருக்கும் ஒரே தளம் தெற்கு. அங்கே புயல். எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று தலைமையகத்தைக் கேட்டேன். 'இத்தகவல் தங்கள் பதவிக்கு உரியதல்ல' என்று பதில் வந்தது. தற்காலிகம் அல்லவா.

வண்டியை ஓட்டிப் போய் நடுவில் நிறுத்தினேன். பயந்து எடுத்துவிட்டேன். மறுபடி நிறுத்தினேன். இப்போது உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். என்ஜினை அணைக்கவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து அதை வைத்து என்னை எடை போடாதீர்கள். இந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது எவ்வளவோ அதை மட்டும் வைத்துப் படியுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நாள் 228. மதியம் 14.02

குரல் பதிவு. எழுத நேரமில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரிகிறது.

"கப்பலிலிருந்து: தளத்தில் பொருள் உள்ளது. அகற்ற முடியுமா?"

"முடியாது."

"மாற்றுத் தளம்: தெற்கு. புயல் உள்ளது."

"அங்கே போக எரிபொருள் போதுமா?"

"தெரியவில்லை."

தெரியவில்லை என்கிறது. மேலேயிருந்து இந்த வார்த்தை ஒரு தடவை வராதா என்று எவ்வளவு ஏங்கினேன். வந்துவிட்டது, இந்த நேரம் பார்த்து.

"கப்பலிலிருந்து: இங்கே, அல்லது தெற்கே. தங்கள் மதிப்பீட்டைத் தெரிவிக்கவும். காத்திருக்கிறேன்."

ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கேட்கவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கிறது. சொல்ல என்னிடம் எதுவும்

"காத்திருக்கிறேன்."

நேற்றுக் காலையில் மந்தம், மதியம் உறுதி, இன்று

"காத்திருக்கிறேன்."

தெற்கு என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

14.09

தலைக்கு மேலே போனது. நிழல் வண்டியின் மேல் விழுந்து நகர்ந்தது. முப்பத்தாறு பேர். தெற்கே மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

16.40

"வடபனித் தளம் அழைக்கிறது. கப்பல், பதில் சொல்லவும். வடபனித் தளம் அழைக்கிறது."

பதில் இல்லை. புயலுக்குள் ரேடியோ எடுக்காது. அதனாலும் இருக்கலாம். ஹக்கீம் மேலேயிருந்து பார்த்தானாம். புழுதிதான் தெரிகிறதாம்.

17.25

வண்டி இன்னும் நடுவில்தான் நிற்கிறது. தரை ஒரு விரல்கடைகூட அமுங்கவில்லை. வண்டி எடை குறைவு, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இறங்கி, சம்மட்டியை எடுத்துத் தட்டினேன். உறுதி. நகர்ந்து நின்று தட்டினேன். உறுதி. நேற்றுக் காலையில் மந்தமாகக் கேட்ட அதே இடத்தில் தட்டினேன். உறுதி.

ஆண்டவரே, ஒரே ஒரு தடவை மந்தமாகக் கேட்டால் போதும்.

தட்டுகிறேன். உறுதி.

தட்டுகிறேன். உறுதி.